மிருதங்கத்தோடு சென்னைக்கு வருகிறவர்களுக்கு

மாதத்துக்கு ஒரு போனாவது வந்துவிடுகிறது. கும்பகோணத்திலிருந்து, திருநெல்வேலியிலிருந்து, சில சமயம் பாலக்காட்டிலிருந்து. "அண்ணா, சென்னைக்கே வந்துடலாம்னு இருக்கேன். முழு நேரமா வாசிக்கலாமா? சரிப்பட்டு வருமா?" நானும் ஒரு பெட்டி, ஒரு மிருதங்கத்தோடு எழும்பூரில் இறங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

எட்டுப் பத்து வருஷம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, ஊரில் கோயில் கச்சேரி, போட்டி என்று கொஞ்சம் மேடை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாசிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை உங்கள் குரு சொல்வார். நான் சொல்லப்போவது பிழைப்பைப் பற்றி.

கிளம்புவதற்கு முன்

குறைந்தது ஆறு மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கையில் இருக்கட்டும். முதல் ஆறு மாதம் உங்களை யாருக்கும் தெரியாது. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் வீடு எடுத்தால் கச்சேரி நடத்தும் சபாக்களுக்கு நடந்தே போகலாம் என்பது உண்மைதான். அந்த வாடகையைப் பார்த்ததும் பெரும்பாலோர் மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், குரோம்பேட்டை என்று நகர்ந்துவிடுகிறார்கள். மின்சார ரயில் பக்கத்தில் இருந்தால் போதும்.

வீடு பார்க்கும்போதே வீட்டுக்காரரிடம் "மிருதங்கம் வாசிப்பேன்" என்று சொல்லிவிடுங்கள். சங்கீதம் என்றால் உருகுகிற மாமாக்கள்கூட ஒரே ததிங்கிணதோமை நாற்பது தரம் கேட்டால் இரண்டாவது வாரமே கதவைத் தட்டுவார்கள். கீழ்த்தளமாக இருந்தால் நல்லது. நான் முதல் இரண்டு வருஷம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் தலையணையை மடியில் வைத்துத்தான் சாதகம் (வாசிப்புப் பயிற்சி) செய்தேன்.

பட்டப்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வராதீர்கள். மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமன் பி.ஏ., பி.எல். முடித்தவர், பிறகு பத்ம விபூஷண் வரை போனார். படிப்பு அவர் கையைக் கட்டிப்போடவில்லை. பின்னால் கல்லூரியிலோ இசைப் பள்ளியிலோ ஆசிரியர் வேலைக்கு மனுப் போட நேர்ந்தால் முதலில் கேட்பது சான்றிதழைத்தான்.

ஒரு மிருதங்கம் போதாது

சுருதியின் உயரத்தைக் கட்டை என்று சொல்வோம். ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுகிறார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை. ஒரே வாத்தியத்தை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு இழுக்க முடியாது. இழுத்தால் தோல் கிழியும், இல்லை நாதம் செத்துப்போகும். ஆகவே பெரியது ஒன்று, குட்டி ஒன்று என்று இரண்டு வேண்டும். புல்லாங்குழல், வீணைக் கச்சேரிகளுக்கு அழைப்பு வர ஆரம்பித்ததும் மூன்றாவதைப் பற்றி யோசிக்கலாம்.

இரண்டையும் வாங்கக் காசில்லை என்றால் முதலில் ஐந்து கட்டை மிருதங்கத்தை வாங்குங்கள். பலர் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள். என் கணக்கு இதுதான்: இளம் பாடகிகளின் எண்ணிக்கை அதிகம், நாட்டியக் கச்சேரியிலும் பாடுவது பெரும்பாலும் பெண் குரல்தான், கல்யாண ரிசப்ஷனிலும் அப்படியே.

மிருதங்கம் செய்கிறவரோடு உறவு வைத்துக்கொள்வது சபாச் செயலாளரோடு உறவு வைத்துக்கொள்வதைவிட முக்கியம். சாதம் (வலப்பக்கத் தோல் நடுவில் இருக்கும் கருப்பு) உதிர்கிறது, தோலை இழுத்துக் கட்டிய வார் தளர்கிறது, மூட்டு (வலப்பக்கத் தோல் வளையம்) மாற்ற வேண்டும் என்று வருஷம் முழுக்க அவர் வாசலில் நிற்கப் போகிறீர்கள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். தோலைத் தேர்ந்தெடுத்து, மூட்டுக் கட்டி, கரணை என்கிற அந்தக் கருப்பை அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றும் அந்த வேலை தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்கள் கையில் இருக்கிறது. நம் பெயர் பத்திரிகையில் வருகிறது, அவர்கள் பெயர் வருவதில்லை. பணமாவது நேரத்துக்குப் போய்ச் சேரட்டும்.

உங்களைக் கூப்பிடப் போகிறவர் யார்?

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். சபாச் செயலாளர்களுக்குக் கடிதம் போடுகிறார்கள், வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புகிறார்கள், நேரில் போய் நமஸ்காரம் பண்ணுகிறார்கள். சபாவே பக்கவாத்தியம் போடுவதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் "வயலினுக்கு இவர், மிருதங்கத்துக்கு இவர்" என்று பெயர் சொல்வது பாடுகிறவர்தான். அதனால் உங்கள் வயதுப் பாடகர்கள் நாலைந்து பேரைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் வீட்டில் சாதகம் செய்யும்போது போய் உட்கார்ந்து வாசியுங்கள். அதற்குப் பணம் கேட்காதீர்கள். இன்றைக்கு மதியம் 12 மணிக் கச்சேரியில் இருபது பேருக்குப் பாடுகிற பெண், பத்து வருஷம் கழித்து மாலைக் கச்சேரிக்கு வரும்போது தன் பழக்கமான மிருதங்கத்தைத்தான் தேடுவாள்.

இரண்டாவது இடம், மூத்த மிருதங்க வித்வான்களின் வட்டம். ஒரே நாளில் இரண்டு இடத்திலிருந்து அழைப்பு வந்தால் ஒன்றை அவர்கள் தங்கள் சிஷ்யருக்கோ தெரிந்த பையனுக்கோ தள்ளிவிடுவார்கள். அந்தத் தெரிந்த பையனாக இருக்க வேண்டும் என்றால் கச்சேரிகளுக்குப் போக வேண்டும். முடிந்ததும் மேடைப் பக்கம் போய் அவர் வாத்தியத்தை உறைக்குள் போட உதவ வேண்டும். அடிமை வேலை மாதிரி இருக்கிறதே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. அந்த ஐந்து நிமிஷத்தில்தான் "நீ எந்த ஊருப்பா?" என்ற கேள்வியே வரும்.

பெண்களுக்கு இந்த வழி இன்னும் கொஞ்சம் மேடு. பெண் தாள வாத்தியக் கலைஞரோடு மேடையில் உட்கார மறுத்த வித்வான்கள் இருந்த துறை இது. அதற்குள்ளே நின்று கடத்தில் பெயர் எடுத்தார் சுகன்யா ராம்கோபால். மிருதங்கத்தில் நிடுமோலு சுமதிக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்போது நிலைமை மாறிவருகிறது என்றாலும் "பாடகிக்குத்தானே பெண் மிருதங்கம்" என்று ஒதுக்கும் பேச்சு முழுக்க ஓயவில்லை. ராத்திரி ஊர் திரும்பும் ஏற்பாட்டை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் கூச்சமே வேண்டாம்.

இடக்கைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வலந்தலை, அதாவது கருப்பு வைத்த பக்கம், சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால் நீங்கள் வயலின்காரர் உட்காரும் பக்கம் மாற வேண்டியிருக்கும். சிலர் முகம் சுளிப்பார்கள். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையே இடக்கை வாசிப்புதான் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

அந்த போன்

காலை 11 மணி. தெரியாத நம்பர். "இன்னிக்கு சாயங்காலம் ஃபிரீயா இருக்கீங்களா? மிருதங்கம் வாசிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல்."

உங்கள் முதல் வாய்ப்பு பெரும்பாலும் இப்படித்தான் வரும். "இருக்கேன்" என்று சொன்ன கையோடு நீங்கள் கேட்க வேண்டியவை: எந்த இடம், எத்தனை மணி, எவ்வளவு நேரக் கச்சேரி, என்ன சுருதி, வயலின் யார், கடமோ கஞ்சிராவோ கூட உண்டா. சுருதியைக் கேட்காமல் போனை வைத்தால் ஆட்டோவில் தப்பான வாத்தியத்தோடு போய் இறங்குவீர்கள். சன்மானத்தையும் கேட்கலாம், தப்பில்லை. "என்ன அண்ணா, வழக்கமா எப்படிக் கொடுப்பாங்க?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முதல் வருஷம் பல இடங்களில் ஆட்டோக் காசும் காப்பியும்தான் கிடைக்கும். இளம் கலைஞர்களிடமே "நன்கொடை" வாங்கிக்கொண்டு மேடை கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன. அங்கே நான் போகச் சொல்ல மாட்டேன்.

மேடைக்கு முக்கால் மணி முன்னால் போய்விடுங்கள். ஏசி அரங்கமாக இருந்தால் வாத்தியத்தை உறையிலிருந்து எடுத்து அந்தக் குளிரில் கொஞ்ச நேரம் விட வேண்டும். வெளியே சரியாகச் சேர்த்துக்கொண்டு வந்த சுருதி உள்ளே நகர்ந்துவிடும். தொப்பிக்கு, அதாவது கருப்பு இல்லாத மறுபக்கத் தோலுக்கு, ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஒட்டுங்கள். ஏசியில் சீக்கிரம் காயும், பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கட்டும். பிறகு கல்லால் மூட்டைச் சுற்றி ஒவ்வொரு இடமாகத் தட்டிச் சேர்க்க வேண்டும். இதை மேடையில் திரை விலகிய பிறகு செய்யாதீர்கள். பாடகர் தம்புராவில் மனதை நிறுத்தும் நேரத்தில் நீங்கள் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், நினைவில் வைத்துக்கொள்வார்.

மைக்செட்காரரிடம் அண்ணா என்று கூப்பிட்டுப் பேசுங்கள். "எனக்கு மானிட்டர்ல பாட்டு வேணும், மிருதங்கம் கொஞ்சம் போதும்." பலர் தங்கள் வாத்தியத்தையே மானிட்டரில் (மேடையில் நமக்காக வைக்கும் ஸ்பீக்கர்) ஏற்றிக்கொண்டு பாடகர் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் வாசிக்கிறார்கள்.

தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி, எத்தனை நிமிஷம் என்று பாடகரிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. முதல் டிசம்பர் சீசனில் மதியம் 2 மணி, ஒன்றரை மணி நேரக் கச்சேரி. மிஸ்ர சாபு தாளத்தில் தனி வந்தது. மூன்று மாதமாகச் சாதகம் செய்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். கைதட்டல் பலமாக இருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தால் பக்கவாட்டில் ஒருவர் கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பாடகி தான் கச்சேரிக் கடைசிக்கு ஆசையாகத் தயார் செய்திருந்த துக்கடாவையும் தில்லானாவையும் விட்டுவிட்டு நேராக மங்களம் பாடினார். முடிந்ததும் சிரித்துக்கொண்டே "ரொம்ப நன்னா இருந்தது" என்றார். அதற்கப்புறம் மூன்று வருஷம் அவரிடமிருந்து போன் வரவில்லை.

வாடகை எங்கிருந்து வருகிறது?

சபாக் கச்சேரி மட்டுமே வாசித்துக் குடும்பம் நடத்துகிற பக்கவாத்தியக்காரர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்ற எல்லோரும் நாலைந்து இடத்திலிருந்து வரும் பணத்தைச் சேர்த்து ஓட்டுகிறோம். நீங்களும் அப்படித்தான் அமைத்துக்கொள்ள வேண்டும்.

நாட்டியம். இதைத் தள்ளிவிடாதீர்கள். "டான்ஸுக்கு வாசிச்சா கை கெட்டுப்போயிடும்" என்று இன்னமும் சொல்கிறார்கள். என் கை கெடவில்லை. ஒரு அரங்கேற்றத்துக்கு நாலைந்து ரிகர்சல், பிறகு நிகழ்ச்சி. ரிகர்சலுக்கு எவ்வளவு, நிகழ்ச்சிக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். ஆட்ட அசைவுகளுக்கான அடவுச் சொற்களைப் படித்துக்கொண்டு போங்கள். தாளம் தட்டி நட்டுவாங்கம் செய்கிறவர் வாயில் ஜதி போகும்போது உங்கள் கண் ஆடுகிறவரின் காலில் இருக்க வேண்டும். மேடையில் பாட்டுக்கு வாசிக்கிறபோது நமக்குக் கிடைக்கும் சுதந்திரம் இங்கே கிடையாது, தீர்மானம் (ஜதியை முடிக்கும் கோர்வை) முடிகிற இடத்தில் அவர் பாதமும் உங்கள் தொம்மும் ஒன்றாக விழுந்தாக வேண்டும். இந்த வரும்படியும் குறைந்துகொண்டு வருகிறது. பல நாட்டியப் பள்ளிகள் ஒரு தரம் ஸ்டூடியோவில் பதிவு செய்துகொண்டு அதையே போட்டு ஆடுகின்றன. பதிவுக்குக் கூப்பிட்டால், அது எத்தனை நிகழ்ச்சிக்கு ஓடப் போகிறது என்று கேட்டுச் சன்மானத்தைச் சொல்லுங்கள்.

வானொலி. காமராஜர் சாலையில் இருக்கும் ஆல் இந்தியா ரேடியோவில் ஆடிஷனுக்கு மனுப் போடுங்கள். பி, பி ஹை, ஏ, டாப் என்று கிரேடு. பி ஹை வாங்கியவுடன் வாழ்க்கை மாறிவிடாது. வருஷத்தில் சில தடவை கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். ஆனாலும் வெளியூர்க் கோயில் கமிட்டிகளும் வெளிநாட்டு அமைப்புகளும் கேட்கும் முதல் கேள்வி "என்ன கிரேடு?" என்பதுதான். அதற்காகவாவது வாங்கி வையுங்கள்.

வெளியூர். ஐப்பசி கார்த்திகையில் குருவாயூர் செம்பை சங்கீதோத்ஸவம், பங்குனி சித்திரையில் பெங்களூர் ராமநவமிக் கச்சேரிகள், நவராத்திரிக்கு எல்லா ஊரும். ரயில் டிக்கெட் யார் எடுப்பது, தங்க இடம் உண்டா என்பதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு திரும்பி வரும்போது மறந்துபோகும். ஒரு ஊரில் கச்சேரி முடிந்து கமிட்டிக்காரர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட, நானும் வயலின்காரரும் பஸ் ஸ்டாண்டில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம்.

வகுப்பு. நிலையான வருமானம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மிருதங்க வித்வான் திருச்சி சங்கரன் 1971லேயே டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கற்றுக்கொடுத்தார். நாம் இன்றைக்கு மாம்பலத்து அறையிலிருந்தே கற்றுக்கொடுக்கலாம். நியூஜெர்சிப் பிள்ளைக்கு ராத்திரி எட்டு மணி என்றால் நமக்குக் கோடையில் விடிகாலை ஐந்தரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், நமக்கு ஆறரை ஆகிவிடும். அந்த வாரம் எந்த வகுப்பும் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூமில் நீங்கள் தாளம் போட, அந்தப் பக்கம் மாணவன் வாசிப்பது என்பது நடக்காது. சத்தம் போய்ச் சேரத் தாமதமாகும். உங்கள் சமம் (தாளத்தின் முதல் தட்டு) அவனுக்கு அரை அட்சரம் தள்ளி விழும். தாளத்தை மாணவனே போடட்டும், அல்லது அவன் பக்கத்தில் தாள ஆப் ஓடட்டும். நீங்கள் கேட்டுத் திருத்துங்கள். ஜூமில் ஒரிஜினல் சவுண்ட் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போடாவிட்டால் தொப்பியில் எழும் கும்கி என்ற ஆழ்ந்த நாதத்தை இரைச்சல் என்று நினைத்து அது வெட்டிவிடும். கட்டணத்தை மாதத் தொடக்கத்தில் வாங்குங்கள். நாலு வகுப்புக்கு ஒரு தொகை, வராமல் போனால் ஒரே ஒரு மாற்று வகுப்பு என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

பத்து மாணவர்களுக்கு மேல் எடுத்தால் உங்கள் சாதகம் போய்விடும். இதைச் சொல்லியும் எல்லோரும் எடுக்கிறார்கள், நான் உட்பட.

மார்கழி

டிசம்பர் சீசனுக்கு வேலை ஆடியிலேயே தொடங்கிவிடுகிறது. பாடகர்கள் அப்போதே சபாக்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள், தேதி உறுதியானதும் பக்கவாத்தியத்துக்குப் போன் வரும். ஒரு தேதியை ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். பெரிய பெயர் ஒன்று அதே தேதிக்குக் கூப்பிடும், நாக்கு ஊறும். மாற்றிக்கொண்டு போனால் அந்தச் செய்தி மியூசிக் அகாடமி கேண்டீனில் நீங்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஒரே நாளில் மூன்று கச்சேரி ஒப்புக்கொள்ளாதீர்கள். 12 மணிக்கு தியாகராய நகர், 4 மணிக்கு மயிலாப்பூர், ராத்திரி நங்கநல்லூர் என்று போன வருஷங்கள் எனக்கும் உண்டு. முப்பத்தைந்து வயதில் வலது மணிக்கட்டு வீங்கி இரண்டு மாதம் சும்மா உட்கார்ந்தேன். அந்த இரண்டு மாதமும் வருமானம் பூஜ்யம், மருத்துவச் செலவு மட்டும் வந்துகொண்டிருந்தது. நமக்கு ஈஎஸ்ஐ கிடையாது, பிஎஃப் கிடையாது. இருபத்தைந்து வயதிலேயே மருத்துவக் காப்பீடு எடுத்துவிட்டால் பிரீமியம் குறைவு. அதை முதல் சீசன் பணத்திலேயே செய்துவிடுங்கள்.

காகித வேலை

பான் கார்டு எப்போதும் போனில் இருக்கட்டும். சபாவோ நிறுவனமோ சன்மானத்தில் 10 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொண்டு கொடுப்பது வழக்கம். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து பிடித்ததைத் திரும்பப் பெறலாம். நிறையப் பேர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போதும் இந்த ரிட்டர்ன்தான் உங்களுக்குச் சம்பளச் சீட்டு. ஜிஎஸ்டி பற்றிப் பயப்பட வேண்டாம்: செவ்வியல் இசைக் கச்சேரிக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை விலக்கு இருக்கிறது. அந்தத் தொகை தாண்டுகிற நாளில் ஆடிட்டர் வைத்துக்கொள்ள உங்களிடம் காசும் இருக்கும்.

யூடியூபில் நீங்கள் வாசித்த கச்சேரியைப் போட்டதும் ஏதாவது ஒரு கேசட் நிறுவனத்தின் பெயரில் உரிமைக் கோரல் வரலாம். 1847இல் மறைந்த தியாகராஜரின் கிருதிக்குப் பதிப்புரிமை யாரிடமும் கிடையாது. இது உங்கள் சொந்தப் பதிவு என்று ஆட்சேபம் எழுதலாம், எழுதுங்கள். ஆனால் எல்லாப் பாட்டும் அப்படி இல்லை. பாட்டை இயற்றியவர் மறைந்த பிறகு 60 ஆண்டு என்பது நம் சட்டம். பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்கப் பயணம் வந்தால், கச்சேரிக்கு உரிய பி-3 விசாவை ஏற்பாடு செய்கிறவர்கள் எடுத்துக் கொடுக்க வேண்டும். "டூரிஸ்ட் விசாவில வாங்க, உள்ள வந்து பார்த்துக்கலாம்" என்கிறவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாட்டிக்கொண்டு பத்து வருஷத்துக்கு அந்தப் பக்கம் போக முடியாமல் ஆனவர்களைப் பார்த்திருக்கிறேன். மிருதங்கம் செக்-இன் லக்கேஜில்தான் போகும். கெட்டியான பெட்டியில் துணி அடைத்துப் போடுங்கள், சுருதி சேர்க்கத் தட்டும் கல்லையும் மரக்கட்டையையும் கைப்பையில் வைக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் அந்தக் கல் எதற்கு என்று விளக்கியே விமானத்தை விட்டவர் என் நண்பர்.

சீசன் முடிந்ததும்

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, இடம், பாடியவர், சுருதி, சன்மானம், வந்ததா வரவில்லையா. பொங்கலுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து அதைப் புரட்டுங்கள். யார் ஒரு தரம் கூப்பிட்டார்கள், யார் இரண்டாம் தரம் கூப்பிட்டார்கள் என்று மட்டும் பாருங்கள். முதல் அழைப்பு யாருடைய காய்ச்சலாலும் வரலாம். இரண்டாவது அழைப்பு வந்த பெயர்களுக்குக் கீழே கோடு போடுங்கள். முதல் வருஷம் அதில் மூன்று பெயர் இருந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டாம். எனக்கு இரண்டுதான் இருந்தது.

அப்புறம் மறக்காமல் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு மிருதங்கம் செய்கிறவர் வீட்டுக்குப் போங்கள். சீசனில் அடிபட்ட மிருதங்கங்கள் எல்லாம் ஜனவரியில் அங்கேதான் வரிசையில் நிற்கும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். ஒரு வாரம் தள்ளிப் போட்டால், தை முகூர்த்தத்துக்குக் கல்யாணக் கச்சேரி வரும்போது இரவல் வாத்தியத்தில் வாசிக்க வேண்டியிருக்கும்.